கருத்து நோட்டில் ஒரு தாளும் கிழிக்கப்படவில்லை

அன்புள்ள வாசகர்களுக்கு வணக்கம்.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நம் வாடகைப் புத்தகக் கடையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் திருப்பித் தர வேண்டிய நாவலுமாக நிற்பவர்கள் நீங்கள். உங்களில் பாதிப் பேருடைய அட்டை எண் எனக்கு மனப்பாடம். தெரியாதவர்கள் கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். கேட்பது நீங்கள் என்பதால் முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

பத்து நாளாக வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ சுற்றுகிறது. நம் கடையின் கருத்து நோட்டு ஒன்று விரித்து வைத்திருக்கிறது, அதில் ஒரு பக்கம் பழுப்புத் தாளால் மூடியிருக்கிறது. கீழே, ‘புத்தகத்தைத் திட்டி எழுதினதை எல்லாம் கடைக்காரர் கிழிச்சுப் போட்டுட்டார், வாடகை குறைஞ்சிடும்னு பயம்’ என்று எழுதியிருக்கிறார்கள். கடையில் வெளிச்சம் போதவில்லை, மின்விசிறி சத்தம் போடுகிறது, சில புத்தகங்களில் நடுப்பக்கம் தளர்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். ஐந்துக்கும் பத்துக்கும் ஆசைப்பட்டு வாசகர் எழுதியதைக் கிழிப்பவன் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா இந்தக் கடையை என் கையில் கொடுத்தபோது கூடவே கொடுத்தது அந்த நோட்டுப் பழக்கத்தைத்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: அதிகம் கேட்கப்படும் நாவல் ஒவ்வொன்றுக்கும் நம் கடையில் ஒரு கருத்து நோட்டு உண்டு. நூறு பக்க லாங் சைஸ் நோட்டு, நூலில் கட்டித் தொங்கும் பேனா. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மனதில் பட்டதை எழுதலாம். பெயர் வேண்டாம், அட்டை எண் போதும். அடுத்து எடுக்க வருபவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார். நான் சிபாரிசு செய்வதைவிட அந்த நோட்டு சிபாரிசு செய்வதுதான் இங்கே எடுபடும்.

இப்போது பிரச்சினையில் இருப்பது ‘டாவின்சி கோட்’ நாவலின் நோட்டு. 2003-ல் வந்த ஆங்கில நாவல். நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, இரண்டும் பல வருஷம் ஓய்ந்துதான் கிடந்தன. 2025 அக்டோபர் 19-ம் தேதி பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பட்டப்பகலில் நகைகள் திருடு போன செய்தி வந்ததும், ‘லூவர்ல கொலை நடக்குமே, அந்தப் புத்தகம் இருக்கா?’ என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் ஒன்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள்.

பொங்கல் முடிந்து கடை திறந்த மறுநாள், இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் தங்கை ஒருவர் வந்து அந்தப் புத்தகத்தை மேஜையில் வைத்தார். உள்ளே அடையாளத்துக்கு ஒரு காலி மாத்திரை அட்டை. பாதிப் புத்தகம்கூடத் தாண்டவில்லை. “அண்ணா, நேத்து வேற புக்கு குடுக்க வந்தப்ப நோட்டைப் புரட்டிட்டேன். யாருன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே என்னத்தப் படிக்கிறது?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு அடங்கிய பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்துக்கென்று அவர் வைத்திருந்த புத்தகம் அது.

நோட்டைத் திறந்து பார்த்தேன். ஏழாம் பக்கம், நீல மை. கதையில் எல்லாவற்றையும் பின்னாலிருந்து ஆட்டிவைப்பவரை ‘ஆசான்’ என்று மட்டும்தான் ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டு போவார்கள். அவர் யார் என்று முதல் வரியிலேயே பெயர் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தது. அழுத்தி எழுதியதில் அடுத்த தாளிலும் அந்தக் கோடு பள்ளமாக விழுந்திருந்தது. பதினொன்றாம் பக்கத்தில், ‘இப்படிப் போட்டு உடைக்கலாமா?’ என்று கண்டிக்க வந்த இன்னொருவர், கண்டிக்கும் வேகத்தில் அதே பெயரை மறுபடி எழுதிவிட்டார்.

அன்றைக்கே அந்த இரண்டு பக்கங்களின் மேலும் பழுப்புத் தாள் வைத்து, ஓரத்தில் மட்டும் கோந்து தடவி ஒட்டினேன். ‘முடிவு இதற்குள் இருக்கிறது, படித்து முடித்தவர்கள் மட்டும் திறக்கவும்’ என்று மேலே எழுதினேன். போட்டோவில் அந்த வரி விழவில்லை. கிழித்திருப்பேனோ என்று சந்தேகப்படுபவர்கள் நேரில் வந்து தாளை எண்ணிப் பார்க்கலாம். அது நடுவில் பின் அடித்த நோட்டு. ஒரு தாளைக் கிழித்தால் எதிர்ப்பக்கத்துத் தாள் பிடியில்லாமல் கையோடு வந்துவிடும். ஐம்பது தாளும் இருக்கிறது. ஏழாம் பக்கம் எழுதியவர் யார் என்று அட்டை எண்ணை வைத்து எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவரும் நம் வாடிக்கையாளர்தான்.

சரி, திட்டி எழுதியதை மறைத்தேனா? மூடாத பக்கங்களில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். கதையின் பின்பாதியைத் தொடாமல் சொல்கிறேன், இன்னும் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள்.

மூன்றாம் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கதையின் தொடக்கத்தையே பிடித்துக்கொண்டார். லூவரின் காப்பாளர், 76 வயதுக்காரர், வயிற்றில் குண்டு பட்டுப் பதினைந்து நிமிஷம் உயிரோடு இருக்கிறார். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் எண் புதிர், எழுத்துப் புதிர் எல்லாம் எழுதி வைத்து, உடம்பையும் டாவின்சி வரைந்த, கை கால் விரித்த மனிதனைப் போலக் கிடத்திக்கொண்டு சாகிறார். ‘வயித்துல அடிபட்டவன் தண்ணி கேட்பான், புதிர் போட மாட்டான்’ என்று எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர் அவருக்குப் பதில் கொடுத்திருக்கிறார்: சேலம் பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தேன், தொப்பூர் கணவாய் எப்போது வந்தது எப்போது போனது என்றே தெரியவில்லை, நம்பும்படி இருக்கிறதா என்று யோசிக்க நேரம் கொடுத்தால்தானே என்று. 105 அத்தியாயம், பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான், ஒவ்வொன்றும் கதவு பாதி திறந்த மாதிரி நிற்கிறது என்பது அவர் கணக்கு. இருவரும் சொல்வது சரி என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காப்பாளர் தரையில் எழுதும் எண்கள் 13-3-2-21-1-1-8-5. டியூஷன் எடுக்கும் டீச்சர் ஒருவர், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை எழுதிக் காட்டினாராம். ஒரு பெண் பிள்ளை 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று வரிசைப்படுத்தி, முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வருகிறது என்று சொல்லிவிட்டாள். அதோடு டீச்சர் ஒன்று சேர்த்திருக்கிறார்: இத்தாலிக் கணக்கறிஞர் பிபனாச்சி இந்த வரிசையை 1202-ல் எழுதுவதற்கு முன்பே நம் நாட்டில் ஹேமச்சந்திரர் என்ற சமண அறிஞர் யாப்புக் கணக்கில், குறிலும் நெடிலும் எத்தனை விதமாகச் சேரும் என்று எண்ணும்போது, இதே வரிசையைச் சொல்லிவிட்டார், நாவலில் அவருக்கு ஒரு வரி இடம் கிடைத்திருக்கலாம் என்று. நான் அந்த நோட்டிலேயே அதிகம் தடவை படித்தது அந்தப் பக்கம்தான்.

தையற்கடை அக்கா ஒருவர், கதையில் ஓர் இடத்தில் நாயகி லூவரின் சுவரிலிருந்து டாவின்சி ஓவியம் ஒன்றைக் கழற்றித் தூக்குவதைப் பிடித்துக்கொண்டார். அந்த ஓவியத்தின் உண்மையான உயரம் 199 செண்டிமீட்டர், ஆறரை அடி. ‘ஆறரை அடி ஜமுக்காளத்தையே ஒருத்தியா உதற முடியாது’ என்று எழுதியிருக்கிறார். லூவர் முற்றத்துக் கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடிகள் என்று நாவல் சொல்கிறது, அருங்காட்சியகத்தின் கணக்குப்படி 673 என்று இன்னொருவர். இவ்வளவும் திறந்த பக்கங்களில்தான் இருக்கிறது. மறைக்க நினைப்பவன் இதையெல்லாம் விட்டுவைப்பானா?

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஐயா எழுதியது வேறு மாதிரி. நம் ஊர் அகழ்வைப்பகத்துக்கு, அதாவது தொல்பொருள் காட்சியகத்துக்குப் போங்கள், அங்கே நிற்கும் நடுகற்கள் ஒவ்வொன்றும் ஒரு சாவைச் சொல்கிறது, எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டில், யார் கவர்ந்த தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப் போய், யாருடைய மகன் பட்டான் என்று வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் சில வரியில் முடித்துவிடுவார்கள், பாரிஸ் காப்பாளர் ஒருவர் சாவைச் சொல்ல 105 அத்தியாயம் தேவைப்படுகிறது என்கிறார். இதைப் படித்துவிட்டு மூன்று பிள்ளைகள் அகழ்வைப்பகம் போய் வந்ததாக வந்து சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு மதியம் சாப்பாடே தேவைப்படவில்லை.

இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. இயேசுவைப் பற்றி இந்த நாவல் சொல்வதைக் கிறிஸ்தவர்கள் வந்து கண்டித்ததால்தான் பக்கத்தை மூடினேன் என்கிறார்கள். தயவுசெய்து இதைப் பரப்ப வேண்டாம். நம் கடையில் இருபது வருஷமாகப் புத்தகம் எடுக்கும் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் இருபத்தொன்றிலிருந்து இருபத்து மூன்று வரை மூன்று பக்கம் எழுதியிருக்கிறார், அழகான கையெழுத்தில். நாவலின் தொடக்கத்தில் ‘உண்மை’ என்று தலைப்புப் போட்டு, சீயோன் மடம் என்ற ரகசிய சபை 1099-ல் தொடங்கியது என்று சொல்லியிருப்பதுதான் அவருக்கு வருத்தம். அப்படியொரு சங்கத்தைப் பியேர் பிளாந்தார் என்பவர் 1956-ல்தான் பிரான்சில் பதிவு செய்தார், பழைய ஆவணங்கள் என்று பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்தவையும் போலி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘கதையைக் கதை என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரே மூச்சில் படித்தேன்’ என்று முடித்திருக்கிறார். அந்த மூன்று பக்கத்தையும் யாரும் மூடவில்லை. நேற்றுக்கூட வந்து, “தம்பி, நீங்க மனசு கஷ்டப்படாதீங்க” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

2006-ல் இந்த நாவலின் சினிமாவுக்குத் தமிழ்நாட்டில் அரசு தடை போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களிலும் இந்தப் புத்தகம் நம் அலமாரியில் முன்வரிசையில்தான் இருந்தது. ஒளித்து வைக்கவில்லை. அப்போது செய்யாததை இப்போது இரண்டு பக்கத்துக்காகச் செய்வேனா?

ஆனால் ஒரு தவறு என்னுடையது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஏழாம் பக்கத்து வரி பல நாள் அங்கே கிடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாக மாலையில் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து வைத்த அக்கா, மகள் பிரசவத்துக்காகக் கார்த்திகையில் ஓசூர் போனார், இனி அங்கேயே இருக்கப் போகிறார். அவர் இருந்தவரை ஒரு நாவலின் முடிவும் வெளியே போனதில்லை. முடிவு எழுதியவரைக் கூப்பிட்டு, “கண்ணு, இதை மட்டும் மாத்தி எழுதிக் குடு” என்று கேட்டு வாங்குவார். எனக்கு அந்தப் பக்குவமும் இல்லை, பில் போடும் நேரத்தில் அவகாசமும் இல்லை. அந்த வரியால் யாருக்கெல்லாம் கதை கெட்டதோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் கொடுத்த வாடகையைத் திருப்பித் தருகிறேன், அட்டையைக் காட்டினால் போதும்.

இனி துப்பறியும் நாவல்களுக்கு மட்டும் இரண்டு நோட்டு. நீல அட்டை நோட்டு வழக்கம்போல அலமாரி ஓரத்தில் தொங்கும், அதில் கதை எப்படிப் போகிறது, எழுத்து எப்படி, எங்கே நம்ப முடியவில்லை என்று எதையும் எழுதலாம், திட்டியும் எழுதலாம். சிவப்பு அட்டை நோட்டு என் மேஜைக்குள் இருக்கும். முடித்தவர்கள் கேட்டு வாங்கி, கொலைகாரரைப் பற்றி மனம் ஆறும்வரை எழுதலாம். மூடிய இரண்டு பக்கங்களையும் சிவப்பு நோட்டில் அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறேன். மூலப்பக்கமும் பழைய நோட்டில் இருக்கும்.

இதோடு, நோட்டுக்குச் சம்பந்தமில்லாத ஓர் அறிவிப்பு: வரும் மாதம் முதல் தேதியிலிருந்து நாவல் வாடகை 15 ரூபாயிலிருந்து 20 ரூபாய், புதிய அட்டைக்கு முன்பணம் 300 ரூபாய், ஞாயிறு மாலை கடை இருக்காது.

போட்டோ வந்த அன்றே, ஒன்றும் கேட்காமல் கடைக்கு வந்து ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துப் போன பதினேழு பேருக்கும் என் நன்றி. அதில் நான்கு பேர் வாட்ஸ்ஆப்பே பார்க்காதவர்கள் என்று பிறகு தெரிந்தது, அவர்களுக்கும் சேர்த்துத்தான். காரிமங்கலத்திலிருந்து ஓர் அம்மா தன் வீட்டுக் கொல்லைக் கொய்யாவை ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, “நீ கிழிக்கிற ஆள் இல்லப்பா” என்றார். இந்த ஊரில் இருபத்தைந்து வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து சம்பாதித்தது என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த நர்ஸ் தங்கையிடம், யார் என்று தெரிந்தாலும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது மிச்சமிருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். யோசித்துவிட்டு, அதே மாத்திரை அட்டையோடு புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் போயிருக்கிறார். வரிசையில் இருக்கும் ஐந்து பேரும் அதனால் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் புத்தகக் கடைக்காரன்,
தர்மபுரி