டோட் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இந்தியாவின் குதிரைப் பந்தயக் கிளப்புகளை நடத்தும் கமிட்டி உறுப்பினர்களுக்கும், பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகளுக்கும்,

வணக்கம். சென்னை, பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, டெல்லி என்று எந்த ஊர்க் கிளப்பாக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். ஒரு கிளப்பை மட்டும் குறிவைத்து எழுதவில்லை. உங்கள் கூட்டங்களில் ஓனருக்காகப் பேச ஆள் உண்டு, டிரெய்னருக்கு உண்டு, ஜாக்கிக்கும் உண்டு. டோட் கவுண்டரில், அதாவது எல்லோருடைய பந்தயப் பணத்தையும் ஒரே பூலில் சேர்த்து, கமிஷன் போக மீதியை ஜெயித்தவர்களுக்குப் பகிரும் இடத்தில், பணத்தை நீட்டுகிறவனுக்காகப் பேசத்தான் ஆள் இல்லை. பரிசுத் தொகைக்கும் மைதானப் பராமரிப்புக்கும் பெரும்பகுதி அவன் பணத்திலிருந்து எடுக்கும் கமிஷனில்தானே வருகிறது? அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு பழைய வழக்கிலிருந்து தொடங்க வேண்டும். 1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டக் கணக்கில் சேர்த்துத் தடை செய்யச் சட்டம் வந்தது. 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரியில் தீர்ப்பு கிளப்பின் பக்கம் வந்தது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததல்ல என்றது நீதிமன்றம். குதிரையின் வம்சம், ஃபார்ம், சுமக்கும் எடை, ஓட வேண்டிய தூரம், ஜாக்கியின் கைத்திறன் இவற்றையெல்லாம் அலசித்தான் பந்தயம் கட்டுகிறவர் முடிவெடுக்கிறார் என்பது அந்த வாதத்தின் சாரம். இன்றுவரை நாட்டின் எல்லாக் கிளப்புகளும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கின்றன.

சரி, திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் திறமையைக் காட்டத் தேவையான தகவலை எங்களுக்குத் தருகிறீர்களா?

ரேஸ் புக்கைத் திறக்கிறேன். ஒரு குதிரையின் வயது, நிறம், அப்பன் ஆத்தாள் பெயர், ரேட்டிங், சுமக்கும் எடை 56.5 கிலோ, கிளம்பும் கேட்டில் அதன் இடமான டிரா 9, கடைசி ஓட்டங்களில் 7, 0, 4. இந்த நான்காம் இடம் எப்படி வந்தது? வளைவில் உள்ளே இடம் கிடைக்காமல் நாலைந்து குதிரைகளுக்கு வெளியே சுற்றி வந்து நான்காவதா, உள்வேலியை ஒட்டிச் சுகமாக ஓடி வந்தும் நான்காவதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஓட்டத்துக்குப் பிறகு குதிரை மூன்று மாதம் களத்துக்கு வரவில்லை. காய்ச்சலா, கால் வீக்கமா, ஓனர் ஊரில் இல்லையா? போன முறையைவிட உடல் எடை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? இதில் சிலது சில ஊர்களில் கிடைக்கும், சிலது தேடினால் கிடைக்கும், சிலது எங்குமே கிடைக்காது.

யாருக்குமே தெரியாத விஷயம் என்றால்கூடப் பரவாயில்லை. டிரெய்னருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், லாயத்தில் புல் போடுகிற சைஸுக்கும் தெரியும். சைஸுக்குத் தெரிந்தால் வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். அப்புறம் அதுவே நூறு ரூபாய் டிப்ஸாக மடித்த காகிதத்தில் என்னிடம் வருகிறது. தகவலைப் பூட்டி வைத்தால் அது இல்லாமல் போய்விடாது, விலை வைத்து விற்கப்படும். “ரேஸ்ல எல்லாம் செட்டிங்தான்” என்ற பேச்சு ஊரில் ஓயாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஹாங்காங் ஜாக்கி கிளப் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஹாங்காங்குக்குள் ஷாட்டின், ஹேப்பி வேலி என்று இரண்டே மைதானங்கள். ஓடும் ஒவ்வொரு குதிரையின் உடல் எடை, மருத்துவக் குறிப்பு, காலைப் பயிற்சி விவரம், பயிற்சிப் பந்தய வீடியோ, பந்தயத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்த நேரக் கணக்கு எல்லாமே அவர்கள் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். பந்தயம் முடிந்ததும் ஸ்டூவர்டுகள் அறிக்கை வெளியிடுகிறார்கள். எந்தக் குதிரை கேட்டில் தாமதமாகக் கிளம்பியது, எது இடிபட்டது, எதற்கு வழி அடைபட்டது, அதிகம் பேர் பணம் கட்டித் தோற்ற ஃபேவரிட் குதிரையின் ஜாக்கி என்ன விளக்கம் கொடுத்தார் என்று அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் பணம் கட்டுகிறவன் சூதாடி இல்லை, படித்துத் தேர்வு எழுதுகிறவன்.

நம் மையங்களிலும் ஸ்டூவர்டு நடவடிக்கைகள் வெளியாகத்தான் செய்கின்றன. ஆனால் எந்த ஜாக்கிக்கு எத்தனை நாள் சஸ்பென்ஷன் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஒருமுறை தென்னிந்திய மைதானம் ஒன்றில் ஆப்ஜெக்‌ஷன், அதாவது பந்தய முடிவை எதிர்த்து ஒரு புகார், வந்தது. முதல் இரண்டு குதிரைகளுக்கும் அரைக் கழுத்துதான் இடைவெளி. ஸ்டாண்டில் எல்லோரும் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் இரண்டாவதாக வந்த குதிரையை ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஒரே வரி, அவ்வளவுதான். எந்த இடத்தில் இடித்தது, முன் பக்கக் காட்சியில் என்ன தெரிந்தது, ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, “நமக்கெதுக்குய்யா சொல்லணும், நாம யாரு?” என்றார். முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். அந்த வீடியோவைப் பெரிய திரையில் இரண்டு தடவை ஓட்டி, ஸ்டூவர்டு ஒருவர் மைக்கில் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அந்தப் பெரியவர் பணம் போனாலும் சமாதானமாகப் போயிருப்பார். இதற்கு உங்களுக்குச் செலவு என்று என்ன இருக்கிறது?

இனி விலைக்கு வருவோம். வரியால் தொழில் நசிந்துவிட்டது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். பந்தயத் தொகை முழுவதன் மேலும் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 ஆகிவிட்டது. கையில் காகிதம் வைத்துக் கணக்குப் போடுங்கள். 100 ரூபாய் பந்தயத்துக்கு வரியோடு 140 கட்டுகிறேன். பூலுக்குப் போன 100-ல் கிளப் கமிஷன் 20 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஜெயித்தவர்களுக்குப் பகிர்வது 80. நான் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் சராசரியாகத் திரும்புவது 57 காசு. அதற்கு மேல், ஜெயித்த தொகை 10,000-ஐத் தாண்டினால் 30 சதவீதம் டிடிஎஸ். எந்த மேதை வந்து படித்தாலும் இந்தக் கணக்கை நீண்ட நாள் ஜெயிக்க முடியாது. மைதானத்துக்கு வெளியே போனில் பந்தயம் எடுக்கும் கள்ள புக்கிக்கு வரியும் இல்லை, டிடிஎஸ்ஸும் இல்லை. கூட்டம் எங்கே போயிற்று என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

வரி உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரியைக் குறைக்கச் சொல்லி நீங்கள் போகிற விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. எப்போதும் குதிரைப் பண்ணை, வேலைவாய்ப்பு, பாரம்பரியம் என்றுதான் மனு போகிறது. ஹாங்காங்கில் 1990-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 9,200 கோடி ஹாங்காங் டாலராக இருந்த பந்தய வசூல், பத்தாண்டில் 6,000 கோடிக்கு இறங்கியது. அங்கேயும் அப்போது மொத்தப் பந்தயத் தொகையின் மேல்தான் வரி. அங்கேயும் கள்ள புக்கிகள்தான் கொழுத்தார்கள். 2006-ல் வரியை மாற்றினார்கள். பந்தயத் தொகையின் மேல் அல்ல, பரிசு கொடுத்தது போக மிஞ்சும் தொகையின் மேல் வரி. விகிதம் 70 சதவீதத்துக்கும் மேல், குறைச்சலே இல்லை. ஆனால் வரி விழும் இடம் மாறிவிட்டது. கிளப் அரசிடம் வெறுங்கையோடு போகவில்லை. முதல் மூன்று ஆண்டுக்கு வருடம் 800 கோடி டாலர் வரி உறுதி என்று எழுதிக் கொடுத்தது. கிடைத்த சுதந்திரத்தில் முதல் வேலையாக, ஒரே பந்தயத்தில் 10,000 டாலரோ அதற்கு மேலோ கட்டித் தோற்றவருக்கு 10 சதவீதம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. பெரிய பந்தயக்காரர்கள் கள்ளச் சந்தையிலிருந்து திரும்பி வந்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் வசூல் 10,000 கோடியைத் தாண்டிவிட்டது.

இப்படிக் கணக்கோடு ஒரு திட்டத்தை எல்லாக் கிளப்பும் சேர்ந்து ஜிஎஸ்டி கவுன்சிலின் முன் வைத்தால், பின்னால் நின்று கையெழுத்துப் போட நாங்கள் இருக்கிறோம். அதற்கு முன் உங்கள் பக்கக் கணக்கைக் காட்டுங்கள். ஜெயிக்கும் குதிரையைச் சொல்லும் வின் பூலில் எத்தனை சதவீதம் எடுக்கிறீர்கள், முதல் மூன்று குதிரைகளை வரிசையாகச் சொல்லும் டனாலாவில் எத்தனை, ஜாக்பாட்டில் எத்தனை? ஹாங்காங்கில் வின்னுக்கும், குதிரை முதல் சில இடங்களுக்குள் வந்தாலே போதும் என்கிற பிளேஸுக்கும் 17.5 சதவீதம் என்று விதியிலேயே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். நம் ரேஸ் புக்கின் முதல் பக்கத்திலும் அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். சோற்றின் விலை தெரியாமல் யாரும் இலை முன் உட்கார்வதில்லை.

சின்னப் பந்தயக்காரனுக்கும் ஒன்று கேட்கிறேன். ஜாக்பாட் என்றால் ஐந்து பந்தயத்தில் ஐந்து ஜெயித்த குதிரைகள். முதலில் மூன்று குதிரை, அடுத்து மூன்று, இரண்டு, நான்கு, இரண்டு என்று அடக்கமாகத்தான் எடுக்கிறேன். பெருக்கினால் 144 டிக்கெட். ஒரு டிக்கெட் 10 ரூபாய் என்றால் 1,440, வரியோடு 2,016. பென்ஷன் வாங்குகிறவர் எங்கே போவார்? குதிரைகளைக் குறைப்பார், தோற்பார், அடுத்த மாதம் வர மாட்டார். ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் ஃப்ளெக்ஸி என்று ஒரு முறை இருக்கிறது. அதே 144 கூட்டையும் 200 ரூபாய்க்கு எடுக்கலாம், ஜெயித்தால் அந்த விகிதத்துக்கு மட்டும் டிவிடெண்ட். கம்ப்யூட்டர் போடுகிற வகுத்தல் கணக்குதான்.

புது ஆட்களை இழுப்பது பற்றி நீங்கள் நிறைய யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. டெர்பி அன்று தொப்பி, ஃபேஷன், பாட்டுக் கச்சேரி எல்லாம் நடக்கிறது. நடக்கட்டும், அன்று வந்தவர்கள் அடுத்த வாரம் வருவதில்லை. முதல்முறை வருகிற பெண்ணுக்கு டனாலா என்றால் என்ன என்று சொல்ல ஒரு மேஜை போட்டு ஆள் உட்கார வையுங்கள். சென்னையில் தமிழிலும் பெங்களூரில் கன்னடத்திலும் ஒற்றைத் தாளில் பந்தய அட்டை கொடுங்கள். கிளப் தரப்பிலிருந்து அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஜப்பானில் ஒரே குதிரைக்கு வின்னும் பிளேஸும் சேர்த்துக் கட்டினால், குதிரையின் பெயரோடு ‘விடாதே, ஓடு’ என்கிற மாதிரி ஒரு உற்சாக வார்த்தையையும் டிக்கெட்டில் அச்சடித்துத் தருகிறார்கள். தோற்ற டிக்கெட்டையும் ஜனங்கள் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். இங்கே என் பர்ஸில் வெறும் எண்கள்தான். சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், பொது ஸ்டாண்டில் நிழல், இதையெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டுமா?

‘ஏற்கெனவே ஊரைக் கெடுத்தது போதாதென்று இன்னும் ஆள் சேர்க்கச் சொல்கிறானே’ என்று இதைப் படிக்கும் சிலருக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். ரேஸில் வீட்டைத் தொலைத்தவர்கள் கதை இல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. நான் பார்த்தவரை, அந்தக் கதைகளில் பெரும்பாலும் கடன் இருக்கும். கள்ள புக்கி கடனுக்கு எழுதிக்கொள்வான், திங்கட்கிழமை ஆள் அனுப்புவான். டோட் கையில் இருக்கும் காசை மட்டும்தான் வாங்கும். ஆகவே சட்டப்படியான கவுண்டரை மலிவாகவும் வெளிப்படையாகவும் வைப்பதே ஒரு பாதுகாப்பு. அதோடு நிற்காமல், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தானே எல்லை வைத்துக்கொள்ளவும், இனி என்னிடம் பந்தயம் வாங்காதீர்கள் என்று எழுதிக் கொடுக்கவும் வழி செய்யுங்கள். வீட்டுக்காரர்கள் வந்து முறையிட்டால் கேட்க ஓர் ஆளாவது அலுவலகத்தில் இருக்கட்டும்.

2024 ஜூனில் உதகை ரேஸ் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்து செய்தது. வழக்கு, வாடகைப் பாக்கி, யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. எனக்கு உறைத்தது வேறு. நூற்றாண்டுக்கும் மேல் பந்தயம் நடந்த இடங்கள் இவை. ஆனால் ‘ஐயோ ரேஸ் போகிறதே’ என்று ஊரில் எத்தனை பேர் சொன்னார்கள்? பூங்கா வந்தால் நல்லது, குளம் வெட்டினால் நல்லது என்பதே பெரும்பாலும் பேச்சாக இருந்தது. சிங்கப்பூரிலும் இதேதான். 1842-ல் தொடங்கிய கிளப், 2024 அக்டோபர் 5-ம் தேதி கடைசிப் பந்தயத்தை நடத்தி மூடப்பட்டது. ஸ்டாண்டில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது, வீடு கட்ட நிலம் தேவைப்பட்டது. மைதானத்தைக் காப்பாற்ற வக்கீல் மட்டும் போதாது, ஜனம் வேண்டும். அந்த ஜனத்தைப் பொது ஸ்டாண்டில் நிற்க வைத்துப் பல வருடமாக நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. பிரிட்டனில் 2015-ல் பந்தயம் கட்டுகிறவர்களுக்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். தகவல், விதிகள், கவுண்டர் சேவை எதுவானாலும் பந்தயக்காரர்களின் கருத்தை நிர்வாகத்திடம் கொண்டுபோவதற்காகத்தான் அதை அமைத்தார்கள். சம்பளப் பதவி அல்ல. இங்கேயும் ஒவ்வொரு மையத்திலும் ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். அதில் இருவராவது உறுப்பினர் ஸ்டாண்டுக்குள் நுழைந்தே பார்க்காதவர்களாக இருக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். சீசனுக்கு இரண்டு கூட்டம் போதும், பந்தயம் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். முதல் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு பூலின் கமிஷன் விவரத்தையும், கடந்த சீசனில் ஆப்ஜெக்‌ஷன் வந்த பந்தயங்களின் வீடியோவையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பொது ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பந்தயக்காரன்,
சென்னை.