அமெரிக்க இலக்கியம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முதுகலை வகுப்பில் அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் 'சன்ஃபிளவர் சூத்ரா' எங்களுக்குப் பாடமாக இருந்தது. நடத்தியவர் நல்ல ஆசிரியர். தொழிற்சாலைப் புகை, நகர வாழ்வின் வறட்சி என்று ஒரு மணி நேரம் விளக்கினார். தலைப்பில் இருந்த 'சூத்ரா'வை மட்டும் தொடவில்லை. பக்கத்தில் இருந்த தோழி நோட்டில் 'சூத்திரம் – ஃபார்முலா' என்று எழுதி வைத்துக்கொண்டாள். பள்ளிக் கணக்கில் நாங்கள் படித்த சூத்திரம் அதுதானே. புத்தரின் உரைகளுக்கும் அதே பெயர் என்று எங்களில் யாருக்கும் அன்று தோன்றவில்லை.

கவிதையில் நடப்பது இவ்வளவுதான். 1955. கின்ஸ்பெர்க்கும் அவருடைய நண்பரான எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கும் ரயில் எஞ்சின் நிழலில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கெரோவாக் ஒரு செடியைக் காட்டுகிறார். காய்ந்து, கரி படிந்து, விதை உதிர்ந்து நிற்கும் சூரியகாந்தி. நீ எஞ்சின் அல்ல, பூ என்று கின்ஸ்பெர்க் அதனிடம் சொல்கிறார். நம் மேல் படிந்த அழுக்கு நாமல்ல, உள்ளே எல்லோரும் பொன்னிறச் சூரியகாந்திதான் என்று முடிக்கிறார். மனம் இயல்பில் ஒளியுள்ளது, மாசு வெளியிலிருந்து வந்து ஒட்டியது என்பது பௌத்தத்தில் மிகப் பழைய பேச்சு. சேற்றில் முளைத்த செந்தாமரையை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கின்ஸ்பெர்க், கெரோவாக் முதலான 1950களின் அமெரிக்கக் கலகக்காரர்களைத்தான் பீட் கவிஞர்கள் என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டதும் போதை, கட்டற்ற காமம், கூடவே 'கீழை ஞானம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். போதை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பௌத்தத்தையும் அதே மூட்டையில் கட்டிவிடுவது பெரிய தவறு. அவர்களில் ஒருவரான கவிஞர் கேரி ஸ்னைடர் 1956இல் கப்பலேறி ஜப்பானின் கியோட்டோ போனார். அங்கே ஷோகோகு-ஜி கோயிலிலும் பிறகு டைட்டோகு-ஜி கோயிலிலும் ஜென் என்னும் தியானவழிப் பௌத்தம் பயின்றார். இடையிடையே ஊர் திரும்பினாலும் அந்தப் பயிற்சி ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. கால் மரத்துப்போகும்வரை அசையாமல் உட்கார்வதும், கண் சொக்கினால் தோளில் கோலடி வாங்குவதும் அங்கே அன்றாடம். சீனத் துறவி ஹான் ஷானின் பாடல்களை மூலத்திலிருந்து மொழிபெயர்த்தவரும் அவரே. அவருடைய முதல் தொகுப்பின் பெயர் 'ரிப்ராப்'. வழுக்கும் மலைச்சரிவில் குதிரைகள் நடக்கப் பாவும் கல்தளத்தை அப்படிச் சொல்வார்கள். யோசெமிட்டி மலையில் அந்த வேலையைக் கூலிக்குச் செய்தவர் அவர். சொல்லையும் அப்படியே ஒவ்வொரு கல்லாகப் பதித்தார்.

ஜப்பான் போவதற்கு முன்பே ஸ்னைடர் போய்வந்த இடம் ஒன்று உண்டு: கலிபோர்னியாவில், ஜப்பானிய அமெரிக்கர்களின் பெர்க்லி பௌத்தக் கோயில். அங்கே குருவாக இருந்தவர் கன்மோ இமாமுரா. அவரும் துணைவியார் ஜேனும் நடத்திய வாசிப்பு வட்டத்துக்கு ஸ்னைடரும் அவருடைய நண்பரான கவிஞர் பிலிப் வேலனும் வந்தார்கள். அந்தக் கோயில் இளைஞர்கள் நடத்திய 'பெர்க்லி புஸ்ஸேய்' இதழில் ஸ்னைடரின் எழுத்து வந்தது. அந்தச் சமூகத்தார் யார்? ஜப்பானோடு அமெரிக்கா போரிட்ட காலத்தில், 1942இல், அரசாணை ஒன்றால் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களில் அடங்கியவர்கள். போர் மூண்டதும் பௌத்த குருமார்களை எஃப்.பி.ஐ. தேடிப்பிடித்துக் கைது செய்தது. அவர்களுடைய அமைப்பு 1944இல், யூட்டாவின் டோபாஸ் முகாமில், தன் பெயரில் 'சர்ச்' என்ற கிறித்தவச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. புத்தரைக் கும்பிட்டதற்காகச் சந்தேகத்துக்கு ஆளான மக்கள் அவர்கள். பத்தே வருடத்தில் அதே புத்தரை வெள்ளை இளைஞர்கள் கையில் எடுத்தபோது அதற்குக் கலகம் என்று பெயர் வந்தது. இந்தக் குடும்பங்களைப் பற்றி ஒரு வரிகூட நம் பாடக்குறிப்புகளில் நான் பார்த்ததில்லை. எனக்கு மனம் ஆறாதது இங்கேதான்.

எல்லோருக்கும் கரை கிடைத்தது என்று சொல்ல வரவில்லை. 1954இலிருந்து சூத்திரங்களில் மூழ்கி, கின்ஸ்பெர்க்குக்காகக் குறிப்பு குறிப்பாக எழுதித் தள்ளியவர் கெரோவாக். வாழ்வு துக்கம் என்னும் புத்தரின் நான்கு வாய்மைகளில் முதலாவது அவரை உலுக்கியது. ஆனாலும் குடி அவரை விடவில்லை. சிறுவயதுக் கத்தோலிக்கத்துக்கே மனம் திரும்பியவர், 1969இல் 47 வயதில் இறந்தார். இதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

வேலனைப் பற்றியும் சொல்லுங்கள். 1973இல் துறவு பூண்டார். 1991இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹார்ட்ஃபோர்ட் தெரு ஜென் மையத்துக்குத் தலைமை ஏற்றார். எய்ட்ஸ் நோயாளிகளைக் கடைசி நாள்களில் வைத்துப் பார்த்துக்கொண்ட மைத்ரி இல்லம் தொடங்கிய இடம் அது. முதுமையில் பார்வை போனது. 2002இல் மறைந்தார். கின்ஸ்பெர்க்கின் புகழ்பெற்ற நெடுங்கவிதை 'ஹவுல்' அரங்கேறிய அந்த 1955 அக்டோபர் இரவில், சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரி மேடையில் தானும் கவிதை வாசித்தவர் இவர்.

அடுத்த முறை இந்தக் கவிதையை எடுக்கும்போது, பூவுக்குப் போகுமுன் தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, 'சூத்திரம் என்றால் என்ன?' என்று கேளுங்கள். ஃபார்முலா என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி