பிக்கப் சஸ்பென்ஷன்: முதலில் எடைமேடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்குள் பிக்கப்பைத் தயார் செய்துவிட வேண்டும் என்று சிங்கப்பூரின் சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு போகிறார்கள்: "எத்தனை இன்ச் ஏத்தலாம்?" சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்பதுதான் அது. மலேசியாவின் குவா மூசாங் பக்கத்துச் செம்மண் பாதையோ, எண்டாவ் ரொம்பின் போகும் வழியிலுள்ள செம்பனைத் தோட்டச் சாலையோ, அதையும் தாண்டித் தாய்லாந்தோ, கூடாரமும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் தரைவழியே சுற்றும் ஓவர்லேண்டிங்குக்கு அந்தக் கேள்வியில் தொடங்கினால் பணம் இரண்டு முறை செலவாகும். முதலில் தெரிய வேண்டியது எடை.

டீசல் தொட்டியை நிரப்பி, பயணச் சாமான் அத்தனையையும் ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து வாகனத்தை எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். முழு வாகனம் ஒரு தடவை, முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு தடவை, பின்சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை. மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வார நாளில் ஓட்டும் நிலையில் மறுபடியும் அதே மூன்று எண்கள். கூடவே ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை இரண்டு நிலையிலும் டேப் வைத்து அளந்து வையுங்கள். ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது என்பதை அந்த மில்லிமீட்டர்கள் சொல்லிவிடும்.

மனக்கணக்கு இதில் ஏமாற்றும். பின்பெட்டி மூடி 80 கிலோ, இழுப்பறைகள் 60, சாப்பாட்டோடு சேர்த்துக் குளிர்பெட்டி 40, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, கூரைக் கூடாரம் 60, இரண்டாவது பேட்டரி ஈய வகையென்றால் 30. இதுவே 310 கிலோ. நான்கு பேர் ஏறினால் இன்னொரு 280. முன்னால் இரும்புக் காப்புச் சட்டமும், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச்சும் போட்டிருந்தால் 80க்குக் குறையாது. ஆக 670 கிலோ. சமையல் பாத்திரமும் கருவிப் பெட்டியும் இன்னும் ஏறவில்லை.

இந்தக் கூட்டலோடு வெறும் வண்டியின் எடையையும் சேர்த்து, வாகனத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கனமான ஸ்பிரிங் போட்டதால் மட்டும் அந்த எண் கூடிவிடாது. ஆஸ்திரேலியாவில் உச்ச எடையை முறைப்படி உயர்த்திச் சான்றிதழ் வாங்கும் ஏற்பாடு உண்டு. அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. பிரேக், அச்சு, சட்டகம் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன.

பட்டைகளை அடுக்கிச் செய்த பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை விற்பவர்கள் அதை நிரந்தர எடையை வைத்துப் பிரித்திருப்பார்கள்: வெறும் வண்டி, 150 கிலோ வரை, 300 கிலோ, 500 கிலோ என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 'நிரந்தரம்' என்ற சொல்தான் இங்கே முக்கியம். வருடத்தில் ஐம்பது வாரம் தீவு விரைவுச்சாலையில் பாதி காலியாக ஓடி, இரண்டே வாரம் காட்டுப் பாதைக்குப் போகும் வண்டிக்கு 300 கிலோ ஸ்பிரிங் போட்டால், அந்த ஐம்பது வாரமும் பின்பக்கம் குதிக்கும். மழையில் மேம்பால இணைப்புகளைத் தாண்டும்போது பின்சக்கரம் தரையோடு ஒட்டாமல் துள்ளும். பிரேக் பிடித்தால் பிடி நழுவும். மூடியும் இழுப்பறையும் எப்போதும் வண்டியிலேயே இருக்கும் என்றால் உங்கள் நிரந்தர எடை சுமார் 140 கிலோ. அதற்கேற்ற நடுத்தர ஸ்பிரிங் போதும். பயணத்தின்போது பின்பக்கம் கொஞ்சம் இறங்கி நிற்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சாமானைக் குறைக்கலாம். இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி வைத்தாலே 15 கிலோவுக்கு மேல் மிச்சமாகும்.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். ஹைலக்ஸ் இரட்டை கேபினில் முன், பின் அச்சுகளுக்கு இடையே 3,085 மி.மீ. பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், அதாவது பின்கதவை ஒட்டி, 100 கிலோ வைத்தால் பின் அச்சின்மேல் விழுவது 132 கிலோ. மீதி 32 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. அந்த அளவுக்கு முன்சக்கரங்கள் லேசாகும், ஸ்டீயரிங் தளரும். அதனால் தண்ணீர்க் கேன்களும் பேட்டரியும் கேபின் சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். பின்கதவுப் பக்கம் படுக்கை, துணிமணி.

ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு அப்சார்பரை அப்படியே விடுவது அரைகுறை வேலை. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்குவது அப்சார்பர். ஸ்பிரிங் விறைப்பானதும் பழைய அப்சார்பரால் அந்த எழுச்சியைப் பிடிக்க முடியாது. தகரக்கூரை போல் அலையடித்துக் கிடக்கும் செம்மண் பாதையில் மணிக்கணக்கில் ஓடும்போது அப்சார்பருக்குள் எண்ணெய் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். சாதாரண இரட்டைக்குழாய் வகையில் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்துவிடும். நுரைக்குத் தடுக்கும் சக்தி இல்லை. வாயுவுக்குப் பதில் நுரைப்பஞ்சு வைத்த வகை இந்தத் தொல்லையைக் குறைக்கும். ஒற்றைக்குழாய் வகையில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று நைட்ரஜனையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும். குழாய்ச் சுவரே காற்றில் படுவதால் சீக்கிரம் ஆறும். ஆனால் ஒரு கல் தெறித்துக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். கல் நிறைந்த லாரிப் பாதைக்கு நுரைப்பஞ்சு இரட்டைக்குழாயும், நீண்ட நெடுஞ்சாலையும் மண்பாதையும் கலந்த பயணத்துக்கு ஒற்றைக்குழாயும் பொருந்தும். தனிக் குப்பி வைத்த பந்தய வகைகள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நம் வேகத்துக்குத் தேவையில்லை.

அப்சார்பரை விட டயர் காற்றழுத்தத்தைக் குறைப்பது மலிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருந்தால் மண்பாதையில் 25க்கு இறக்கி, வேகத்தையும் குறைத்தால் பாதி அடியை டயரே வாங்கிக்கொள்ளும். திரும்பத் தார்ச்சாலை ஏறியதும் காற்றடிக்கச் சிறிய கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும்.

முன்பக்கம் 40 மி.மீ. வரை ஏற்றினால் பெரும்பாலான பிக்கப்களில் சக்கரங்களின் கோண அமைப்பை, அதாவது அலைன்மென்ட்டை, நிறுவன அளவுக்குள் கொண்டுவந்துவிடலாம். 50ஐத் தாண்டினால் முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட்டின் கோணம் கூடி ரப்பர் உறை கிழியும், ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் குறைந்து ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். ஸ்பிரிங் மாற்றாமல், ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் வட்டுத் துண்டு வைத்து ஏற்றும் மலிவு வழியைத் தவிர்த்துவிடுங்கள். 20 மி.மீ. துண்டு சக்கரத்தில் ஏறத்தாழ 40 ஆகத் தெரியும். பள்ளத்தில் முழுக்க அமுங்கும்போது ரப்பர் தடுப்பான் தொடுவதற்கு முன்பே அப்சார்பர் அடி முட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் இருக்கையைத் திருகி ஏற்றும் கொய்லோவரிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. திருகினால் உயரம் கூடும். ஸ்பிரிங்கின் விறைப்பு கூடாது. வின்ச்சின் எடையைத் தாங்க விறைப்பான ஸ்பிரிங்தான் வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங்குக்கும் சட்டகத்துக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பை தனிக் கதை. லீஃப் ஸ்பிரிங் எடையைச் சட்டகத்தின் இரண்டு இடங்களில், ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டுத் தாங்குகிறது. பை அதே எடையை நடுவில் ஒரே இடத்தில் குத்துகிறது. பின்கதவுப் பக்கம் கனம், பையில் நிறைய காற்று, எதிர்பாராத ஒரு பள்ளம் மூன்றும் சேர்ந்தால் கேபினுக்குப் பின்னால் சட்டகம் வளையும். வளைந்த சட்டகத்தை நிமிர்த்தினாலும் பழைய வலு வராது. பை போட்டே ஆக வேண்டுமென்றால் சிறு சாய்வைச் சரிசெய்ய மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி, நல்ல பாகம் வாங்கியும் பொருத்துவதில் கெடுவது. வண்டி லிஃப்டில் தொங்கும்போதே, சக்கரம் அந்தரத்தில் இருக்கையில், ஸ்பிரிங் கண்ணின், அதாவது அதன் முனை வளையத்தின், போல்ட்டை இம்பாக்ட் துப்பாக்கியால் இறுக்கிவிடுகிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபடும். வண்டி தரைக்கு இறங்கியதும் ரப்பர் முறுகும். அந்த முறுக்கின் தயவில் வண்டி கொஞ்சம் கூடுதல் உயரமாகவே நிற்கும், உரிமையாளரும் மகிழ்ந்துபோவார். சில மாதத்தில் ரப்பர் கிழிந்து கிரீச்சிடும், உயரமும் இறங்கிவிடும். போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கி, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியை இரண்டு மூன்று முறை அழுத்திக் குலுக்கிய பிறகே கடைசி இறுக்கம். இதை நேரில் நின்று பாருங்கள். பட்டறைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும். ஒருமுறை இறுகி நீண்டவை மறுபடி அதே பிடியைத் தராது.

பின் அச்சுக்கு மேலே சுமையைப் பார்த்துப் பிரேக் அழுத்தம் பிரிக்கும் வால்வு சில பிக்கப்களில் உண்டு. அச்சுக்கும் சட்டகத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு கம்பியால் அளந்துதான் அது வேலை செய்கிறது. பின்பக்கத்தை ஏற்றினால் அந்தத் தூரம் கூடும், வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சாமான் நிறைந்த வண்டி கேமரன் மலையிலிருந்து இறங்கும்போதா இது தெரியவர வேண்டும்? கம்பியின் தாங்கியை ஏற்றிய அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் சக்கரம் முழுக்கத் தொங்கிய நிலையில், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தால் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது மட்டும் தரையில் நடுக்கம் வந்தால், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங்குக்கு ஸ்பேசர் என்ற இடைத்துண்டு தேவை. முகப்பு விளக்குகளைத் தாழ்த்தி வைக்கவும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள். எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பிரித்து வைத்திருக்கிறது. முன்பணம் கட்டும் முன்பே அதைப் பாருங்கள், பட்டறையின் வாய்வார்த்தை போதாது. கழற்றிய அசல் பாகங்களை விற்றுவிடாதீர்கள், பரிசோதனையில் சிக்கல் வந்தால் தேவைப்படும். அடுத்து, பலமாடி வாகன நிறுத்துமிடம். 40 மி.மீ. ஏற்றம், பெரிய டயர், மூடிய கூடாரம் எல்லாம் சேர்த்து அளந்து, புளோக்குக்குக் கீழே நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயரத்தோடு ஒப்பிடுங்கள். கூடாரம் கான்கிரீட் உத்தரத்தில் மோதுவதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

பொருத்தும் நாள் பயண நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக இருக்கட்டும். முதல் 500 கிலோமீட்டரில் ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து யூ போல்ட் தளரும். மறுபடி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதற்குள் ஒரு வாரயிறுதியில் முழுச் சுமையோடு கோத்தா திங்கி வரை போய்வந்து, சக்கர நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வரை மறுபடியும் அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
ஜூரோங் வெஸ்ட்