நாலு வரி கேட்டு வாங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. கிணற்றடித் தென்னை இந்த வருஷமும் குரும்பையை உதிர்க்கிறது. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அதனால்தான் தாளை எடுத்தேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது என் போனில் லிங்க்ட்இன் என்று, உத்தியோகக்காரர்கள் தங்கள் வேலை விவரம் போடும் தளத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாயே, தினமும் காலைக் காபிக்குப் பிறகு அதில் உன் பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிடுவேன். இந்த மாதம் ஒருநாள் உன் படத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் இருந்தது. மறுநாள் இல்லை. ஏதோ அலங்காரம் போல என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். அதை விடு. நான் எழுத வந்தது வேறு.

உன் பக்கத்தில் கீழே இறங்கிப் போனால் ரெகமெண்டேஷன் என்று, கூட வேலை செய்தவரைப் பற்றி நாலு வரி எழுதும் இடம் வருகிறது. நீ மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்தது ஆறு. உனக்கு மற்றவர்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வருஷ உழைப்புக்கு ஒன்றுகூட இல்லை. நீ எழுதிய ஆறையும் இரண்டு தரம் படித்தேன். அந்த ஒடிசாப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறாயே, நடுராத்திரியில் பில்லிங் கணக்கு இடித்தபோது மற்றவர்கள் யார் தப்பு என்று பேசிக்கொண்டிருக்க, அவன் மூன்று மாதத்துப் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டிச் சரியான இடத்தில் விரலை வைத்தான் என்று. அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை. ஆனால் கூப்பிட்டு வேலை கொடுக்கலாம் என்று எனக்கே தோன்றியது. ஊரான் பிள்ளைக்கு இப்படி எழுதத் தெரிந்தவள், தனக்கென்று ஏன் ஒருவரிடமும் கேட்கவில்லை?

அத்தை பேத்தி காதுகுத்துக்குப் பெரியவன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஆள் எடுக்கிற வேலைதானே அவனுக்கு. சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்த்திவைத்துக் கேட்டேன். யாருக்காக என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் சொன்னது இதுதான். 'கடின உழைப்பாளி, எல்லாரோடும் ஒத்துப்போவார்' என்று வருவதை அவன் படிப்பதே இல்லையாம். என்ன சிக்கல் வந்தது, இவள் என்ன செய்தாள், அதனால் என்ன மாறியது, இந்த மூன்றும் நாலு வரியில் இருந்தால் நின்று படிப்பானாம். திறமைகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்களே எண்டார்ஸ்மென்ட் என்று, அது கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் தொட்டுக்கொண்டு போவது மாதிரி. யாரும் செய்யலாம். உட்கார்ந்து நாலு வரி எழுதுகிறவர்தான் பந்தியில் நின்று பரிமாறியவர்.

அதனால் ஐம்பது பேரிடம் கேட்காதே. நீ வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர் போதும். உனக்கு மேலே இருந்தவர் ஒருவர், பக்கத்தில் இருந்தவர் ஒருவர், உன்னிடம் கற்றுக்கொண்டவர் ஒருவர். ஹைதராபாத் போய்விட்டாரே உன் பழைய மேனேஜர் அம்மாள், கிருகப்பிரவேசத்துக்குப் பட்டுப்புடவை அனுப்பினவர், அவரிடம் முதலில் கேள். சில கம்பெனிகளில் மேனேஜர்கள் இப்படி எழுதக்கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்களாம். அவர் வேலை மாறிப் போனவர், அவருக்கு அந்தத் தடை அநேகமாக இருக்காது.

கேட்கும்போது லிங்க்ட்இன் தானாகப் போட்டுத்தரும் வாசகத்தை அப்படியே அனுப்பாதே. அவரோடு சேர்ந்து செய்த ஒரு வேலையை நினைவுபடுத்து. 'அந்தத் தீபாவளி ரிலீஸின்போது இரண்டு பேரும் ஊருக்குப் போகாமல் உட்கார்ந்தோமே, அதைப் பற்றி எழுத முடியுமா' என்று கேள். நீயே முழுதாக எழுதி அனுப்பி, போட்டுவிடுங்கள் என்று சொல்லாதே. சொல் அவருடையதாக இருக்கட்டும், நினைவை மட்டும் நீ எடுத்துக்கொடு. எழுதியது நேரே ஊருக்குத் தெரிந்துவிடாது. முதலில் உன்னிடம்தான் வரும், திருத்தச் சொல்லலாம், பிடிக்காவிட்டால் வெளியே காட்டாமலும் வைக்கலாம். இன்று நீ அவருக்கு எழுதி நாளையே அவர் உனக்கு எழுதினால் மொய் நோட்டு மாதிரி ஆகிவிடும், படிக்கிறவனுக்குத் தேதி தெரியும் என்றான் பெரியவன். ஆகவே இந்த வாரமே ஆரம்பி. நாள் ஆக ஆக மனிதர்களுக்கு மறந்துபோகும். தள்ளிப்போடாதே.

நீ ஏன் கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சிபாரிசு என்ற சொல்லே நம் வீட்டில் கெட்ட வார்த்தை. உன் தாத்தா எம்.எல்.ஏ. கொடுத்த கடிதத்தைத் திருப்பிக் கொடுத்த கதையை உனக்குச் சோறு ஊட்டும்போதே சொன்னவன் நான். கேட்பது கை நீட்டுவது என்று உன் மனதில் போட்டதும் நான்தான். தாத்தா திருப்பிக் கொடுத்தது, அவர் வேலையைப் பார்க்காதவன் எழுதிய கடிதத்தை. பார்த்தவன் சொல்வது சாட்சி. இந்த வித்தியாசத்தை உனக்குச் சொல்லாமல் விட்டேன்.

டைப் அத்தை விஷயத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

ஆபீஸில் எனக்குக் கீழே அவர் ஒன்பது வருஷம். உனக்குப் பேச்சுப் போட்டிக்கு டைப் அடித்துக்கொடுத்தது, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைக் கூட்டிப்போய் வைத்திருந்தது எல்லாம் உனக்குத் தெரியும். வருஷா வருஷம் அவர் வேலை எப்படி என்று மேலிடத்துக்கு ரகசியக் குறிப்பு எழுத வேண்டியவன் நான். அந்தக் காலத்தில் பாதகமாக ஏதாவது இருந்தால்தான் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பார்கள். மற்றது என்ன என்று அவருக்குத் தெரியாது. ஒன்பது வருஷமும் நான் எழுதியது ஒரே சொல். திருப்திகரம். 1998 வெள்ளத்தில் ரிக்கார்டு ரூமில் தண்ணீர் ஏறியபோது நூற்றுக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்து மறுபடி கட்டியவர் அவர். அதை எழுதவில்லை. நம் வீட்டுக்கு வந்துபோகிறவர், நல்லதாக எழுதினால் வேண்டியவளுக்கு எழுதினான் என்று பேர் வரும் என்று பயந்தேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் பதவி உயர்வில் அவரைத் தாண்டிப் போனார்கள்.

2008ல் சுப்ரீம் கோர்ட்டில் தேவ் தத் வழக்குத் தீர்ப்பு வந்தது. எல்லைச் சாலைத் துறை இன்ஜினியர். பதவி உயர்வுக்கு ஐந்து வருஷமும் 'மிக நன்று' வேண்டும். ஒரு வருஷம் 'நன்று' என்று போட்டிருந்தார்கள். நன்று என்ற சொல்லே அவரைக் கீழே நிறுத்திவிட்டது, அது அவருக்குத் தெரியவும் இல்லை. எந்தக் குறிப்பானாலும் எழுதப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது கோர்ட். பேப்பரில் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டைப் அத்தை அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

உனக்கும் அதையேதான் செய்தேன். மாநிலத்தில் ரேங்க் வாங்கியபோது 'ம், சரி' என்றேன். பிள்ளையை வாய்விட்டுப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசிவிட்டு உன்னிடம் மட்டும் பேசவில்லை.

போன செவ்வாய்க்கிழமை திருவாரூர் போய் டைப் அத்தையைப் பார்த்தேன். ரிக்கார்டு ரூம் விஷயத்தை ஒரு முழுப் பக்கம் கையால் எழுதி எடுத்துப்போயிருந்தேன், தேதி போட்டு, என் பழைய பதவியைக் குறிப்பிட்டு. இப்போது அது எதற்கும் உதவாது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு, பாப்பா எப்படி இருக்கிறாள், வேலையெல்லாம் எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

ஹைதராபாத் அம்மாளுக்கு இன்றைக்கே எழுது. இப்போதெல்லாம் பகலில் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிறாய். அம்மாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

பருப்புப் பொடியும் வத்தக்குழம்புப் பொடியும் பார்சலில் வருகிறது. மைசூர் எக்ஸ்பிரஸில் எந்த நாள் கிளம்பினாலும் சொல், விடியற்காலை ஸ்டேஷனில் நிற்கிறேன். எத்தனை நாள் லீவு என்று கேட்க மாட்டேன். மாடி அறையை ஒழித்து ஃபேன் மாற்றியாயிற்று.

அன்புடன்,
அப்பா