பெரிய வியாழன் பாடலுக்காக ஒரு நன்றி மடல்

பாரிஸில் எங்கள் தமிழ்ப் பாடகர் குழுவோடு நின்ற எல்லோருக்கும்,

கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. ஒத்திகையில் வழிநடத்த ஆளில்லாமல் ஏன் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை, அதை விடுவோம். பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்) திருப்பலியில் பாடி முடித்துவிட்டோம்!

முதல் நன்றி, மண்டபத்தைப் பூட்ட வந்த அந்தப் பிரெஞ்சு அம்மாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் பாடிய, பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் துருஃப்ளேயின் 'உபி காரித்தாஸ்' என்ற இலத்தீன் பாடல் சின்னதுதான். கிரகோரியன் எனும் பழைய திருச்சபை மெட்டுகளை வைத்து அவர் 1960இல் வெளியிட்ட நான்கு மோட்டெட்டுகளில் (பல குரல் ஆலயப் பாடல்களில்) முதலாவது. ஆனால் தாளம் ஓரிடத்தில் நிற்காது. இரண்டு, மூன்று, நான்கு என்று மாறிக்கொண்டே போகும். நாங்கள் விரல்விட்டு எண்ணி எண்ணிப் பாடி, ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் போய் நின்றோம். கதவருகே சாவியோடு காத்திருந்தவர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் வரிசையில் நின்றார். "எண்ணாதீர்கள், வாசியுங்கள்" என்றார்.

இலத்தீன் வரிகளைச் செபம் சொல்வதுபோல எல்லோரையும் வாசிக்க வைத்தார். அசைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் தாமாகவே சேர்ந்துகொண்டன. பிறகு மெட்டை மட்டும், எல்லோரும் ஒரே சுருதியில். கடைசியாகத்தான் நான்கு குரலாகப் பிரித்தார். சிறு வயதிலிருந்தே அந்தப் பழைய மெட்டைப் பாடி வந்தவராம். துருஃப்ளே பல்லாண்டு ஆர்கன் வாசித்த சேன்ட் எத்தியென் டு மோன் ஆலயம் இந்த ஊரில், பாந்தியோன் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் எங்களில் பலர் அறிந்தோம்.

பாட்டின் தொடக்கத்தில் உச்சக் குரல் பாடும் சோப்ரானோக்களுக்கு வேலையே இல்லை. மெட்டு ஆல்ட்டோக்களிடம், தாழ்ந்த குரலில். எங்கள் குழுவில் சோப்ரானோ அக்காமாரை வாய்மூடி நிற்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? அதையும் ஒரே பார்வையில் செய்துவிட்டார். முன்பு பாதம் கழுவும் சடங்குக்கு உரியதாக இருந்த பாட்டு இப்போது காணிக்கைப் பவனியில் வருகிறது. பெரிய வியாழனன்று நாங்கள் தொடங்கியபோது அவர் எங்களோடுதான் நின்றார், அதே மேலங்கியோடு.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், தேநீர் ஊற்றியவர்கள், இரவில் காரில் வீடு சேர்த்தவர்கள், பிரதி எடுத்துத் தந்த தம்பிமார், பங்குத்தந்தை எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. பெயர் சொன்னால் யாராவது விடுபட்டுக் கோபிப்பீர்கள்.

அன்றிரவு நற்கருணை இடமாற்றப் பவனியில் நாம் தமிழில் 'மாண்புயர்' பாடியதைக் கேட்டு, இது இலத்தீன் 'தாந்தும் எர்கோ' தானே என்றார் அந்தப் பிரெஞ்சு அம்மா. ஆம், புனித தோமா அக்குவினார் எழுதிய அதே பாடல். துருஃப்ளேயின் நான்காவது மோட்டெட்டும் அதுதான். அடுத்த பெரிய வியாழனுக்கு அதைப் பாடுவதென்று அங்கேயே முடிவாகிவிட்டது. அவருக்கு 'மாண்புயர்' சொல்லிக்கொடுப்பது எங்கள் பொறுப்பு. அப்புறம், சோப்ரானோ அக்காமாரே, இந்த முறை மெட்டு உங்களிடம்தான்.