பந்த் இல்லாத நாட்டில் வேலைநிறுத்தம்: தமிழ்நாட்டுத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தோழர்களுக்கு, வணக்கம்.

2025-ல் ஏப்ரல் 5, ஜூன் 14, அக்டோபர் 18 என்று மூன்று நாட்கள் அமெரிக்க நகரங்களில் லட்சக்கணக்கானோர் டிரம்ப் ஆட்சிக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் கேட்ட கேள்வி நியாயமானது. இத்தனை பேர் திரள்கிறார்களே, ஒரே ஒரு நாள் வேலையை நிறுத்தினால் என்ன? அந்தக் கேள்விக்குப் பின்னால் "அவர்களுக்குத் துணிச்சல் போதவில்லை" என்ற முடிவும் சில கூட்டங்களில் சொல்லப்படுகிறது. அந்த முடிவு தவறு என்பதைச் சொல்லவும், உங்களால் செய்யக்கூடிய சிலவற்றைக் கேட்கவும் இந்த மடலை எழுதுகிறோம். நாங்கள் அமெரிக்காவில் சங்கப் பணியிலும் தொழிலாளர் சட்டத்திலும் இருக்கும் தமிழர்கள்.

முதலில் அந்த மூன்று தேதிகளையும் நாட்காட்டியில் பாருங்கள். மூன்றும் சனிக்கிழமை. 2017 ஜனவரி 21-ல் நடந்த பெண்கள் பேரணியும் சனிக்கிழமைதான். வார நாளில் வேலையை விட்டு வந்தால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், சங்க ஒப்பந்தம் இல்லாத தனியார் ஊழியரைக் காரணம் சொல்லாமலேயே வேலையிலிருந்து நீக்கலாம். விசாரணை நோட்டீஸ் கிடையாது, உள்விசாரணை கிடையாது, சட்டப்படியான இழப்பீடும் கிடையாது. 2024 கணக்குப்படி தனியார் துறையில் சங்கத்தில் இருப்பவர்கள் 5.9 சதவீதம். மற்றவர்களுக்கு ஒரு நாள் வேலைக்கு வராமலிருப்பதே வேலை போகப் போதுமான காரணம்.

வேலைநிறுத்த உரிமை இல்லையா என்றால், இருக்கிறது. 1935-ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் அதைத் தெளிவாகத் தருகிறது. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் அந்தச் சட்டம் அன்றே வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் அந்த வேலைகளில் பெரும்பாலும் கறுப்பின மக்கள்தான் இருந்தார்கள். இன்றைக்கு ஒப்பந்ததாரர் என்ற பெயரில் ஓடும் டாக்சி, டெலிவரி ஓட்டுநர்களும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

உள்ளே இருப்பவர்களின் உரிமையும் 3 ஆண்டுகளில் அரிக்கப்பட்டது. 1938-ல் மெக்கே ரேடியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கூலிக்காக வேலைநிறுத்தம் செய்பவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது, ஆனால் அவர் இடத்தில் நிரந்தரமாக வேறொருவரை வைத்துக்கொள்ளலாம். வேலைநீக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்பீர்கள். காகிதத்தில் மட்டும் உண்டு. வேலைநிறுத்தம் செய்தவரின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கும், இடம் காலியானால் கூப்பிட வேண்டும். அதற்குள் 12 மாதம் கடந்துவிட்டால், சங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டும் இல்லை, அவர் இடத்துக்கு வந்தவருக்கு உண்டு. முதலாளி தன் ஆட்களை வைத்தே சங்கத்தை வெளியேற்ற இந்த ஒரு வழி போதும். நிர்வாகத்தின் முறைகேடான செயலை எதிர்த்து நடக்கும் வேலைநிறுத்தத்தில் மட்டும் நிரந்தர மாற்று ஆளை வைக்க முடியாது. அதனால்தான் அனுபவமுள்ள சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு நிறுத்தாமல், பேச்சுவார்த்தைக்குத் தகவல் தர மறுத்தது, முன்னணி ஊழியரைப் பழிவாங்கியது போன்ற புகார்களையும், அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் முன்கூட்டியே பதிவு செய்கின்றன. ஆனால் அந்த வாரியமே 2025-ன் பெரும்பகுதி போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடந்தது. முடங்காத காலத்திலும் முதலாளிக்கு அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. இழந்த கூலியைக் கொடு என்று உத்தரவிடலாம். இடையில் அந்தத் தொழிலாளி வேறெங்காவது சம்பாதித்திருந்தால் அதையும் கழித்துக்கொண்டுதான்.

பெரிய அடி 1947-ல் விழுந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் இரண்டு பெரிய கடைகளின் ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள், சங்க அங்கீகாரம் கேட்டு வெளியே நின்றார்கள். போலீஸ் காவலோடு லாரிகள் கடைக்குச் சரக்கு கொண்டுவந்தன. அதைக் கண்ட போக்குவரத்துத் தொழிலாளர்கள் வண்டிகளை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். சுமார் 1 லட்சம் பேர் வேலையை விட்டார்கள், ஊரே நின்றது. அடுத்த ஜூன் 23-ல், அதிபர் ட்ரூமனின் மறுப்பையும் மீறி, டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன் 8(பி)(4) பிரிவு ஓக்லண்டில் நடந்ததைத்தான் குறிவைக்கிறது. ஒரு கடையில் தகராறு என்றால், அதற்குச் சரக்கு கொண்டுவரும் கம்பெனியின் தொழிலாளர்களை வேலையை நிறுத்தும்படி சங்கம் தூண்டக் கூடாது. மீறினால் வாரியம் நீதிமன்றத்தில் தடை கேட்டே ஆக வேண்டும், முதலாளி நஷ்டஈடு கேட்டு வழக்கும் போடலாம். ஒரு துறை நிற்க, அடுத்த துறை தோள் கொடுக்க, அப்படித்தான் எந்த நாட்டிலும் பொது வேலைநிறுத்தம் வளர்கிறது. அந்தக் கண்ணியைத்தான் சட்டம் வெட்டியது.

அடுத்தது ஒப்பந்தம். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3), 18(1) பிரிவுகளின் கீழ் நிர்வாகத்தோடு நீங்கள் போட்ட ஒப்பந்தங்கள் அமலில் இருக்கும்போது, அவற்றில் பேசி முடித்த விஷயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பேசாத விஷயத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. அமெரிக்க ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில், காலம் முடியும்வரை எதற்காகவும் வேலையை நிறுத்த மாட்டோம் என்ற உறுதிமொழியே ஒரு ஷரத்தாக இருக்கிறது. மீறினால் தடை உத்தரவு வாங்கலாம் என்று 1970-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. தொழிலாளர்கள் தாங்களாக வெளியேறினால் பாதுகாப்பு போய்விடும், சங்கம் தூண்டினால் சங்கத்தின் நிதி போய்விடும். ஆக 3, 4 ஆண்டுக்கு ஒரு முறை, ஒப்பந்தம் முடியும் அந்த நாளில்தான் கதவு திறக்கிறது. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒவ்வொரு தேதி. நாடு முழுவதும் ஒரே நாளில் நிற்க வேண்டும் என்று யார் அழைத்தாலும், அன்றைக்குச் சட்டப்படி நிற்கக்கூடிய சங்கங்கள் மிகச் சிலவே இருக்கும்.

கதவு திறக்கும் நாளிலும் அப்படியே வெளியேற முடியாது. ஒப்பந்தத்தை முடிக்க அல்லது மாற்ற விரும்பும் தரப்பு 60 நாளுக்கு முன் மறு தரப்புக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் மத்திய சமரச அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனை என்றால் வேலைநிறுத்தத்துக்கென்று தனியாக 10 நாள் நோட்டீஸ். 60 நாள் முடியுமுன் வெளியேறியவர் அந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளியே இல்லை. எத்தனையோ நல்ல போராட்டங்கள் இந்த நோட்டீஸ் கணக்கில் தவறியே வீழ்ந்திருக்கின்றன.

அரசியல் காரணத்துக்காக நிற்பது இன்னும் கடினம். 2006 மே 1-ல் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் பல நகரங்களில் வேலைக்குப் போகாமல் ஊர்வலம் போனார்கள். அதன் பிறகு 2008-ல் வாரியத்தின் தலைமை வழக்கறிஞர் ஒரு வழிகாட்டுதல் எழுதினார். தன் முதலாளியால் தீர்க்க முடியாத பிரச்சினைக்காக வேலை நேரத்தில் வெளியேறினால் பாதுகாப்பு இல்லை என்பது அதன் சாரம். அரசின் கொள்கையை எதிர்த்து ஒரு நாள் வேலைநிறுத்தம் என்று நீங்கள் அறிவிப்பது எதுவோ, அதை அங்கே செய்பவரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பலாம்.

அரசு ஊழியர்கள்? மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது குற்றம், ஓராண்டும் ஒரு நாளும் வரை சிறை. 1981 ஆகஸ்ட் 3-ல் வெளியேறிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் 11,000-க்கும் அதிகமானோரை இரண்டே நாளில் அதிபர் ரீகன் நீக்கினார். நியூயார்க்கில் மாநில, நகர அரசு ஊழியர் ஒரு நாள் நின்றால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பு. 2005 டிசம்பரில் அந்நகரப் பேருந்து, சுரங்க ரயில் தொழிலாளர்கள் சுமார் 60 மணி நேரம் நின்றதற்குச் சங்கத்துக்கு 25 லட்சம் டாலர் அபராதம், தலைவர் ரோஜர் டூசானுக்குச் சிறை. ரயில்வேக்குத் தனிச் சட்டம். 2022-ல் 12 ரயில்வே சங்கங்களில் 4 நிராகரித்த ஒப்பந்தத்தையே நாடாளுமன்றம் சட்டமாக்கித் திணித்தது. அவர்கள் கேட்டதில் முக்கியமானது சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, அதுவும் செனட்டில் தோற்றது. பேருந்தும் ரயிலும் நின்றால் பந்த் பாதி வெற்றி என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதி அவர்களுக்குச் சட்டத்தால் அடைக்கப்பட்டிருக்கிறது. போதாததற்கு, அங்கே பெரும்பாலானோர் வேலைக்குப் போவது சொந்தக் காரில்.

இவ்வளவும் சட்டம். ஆனால் இரவில் தூங்க விடாமல் செய்வது மருத்துவக் காப்பீடு. வேலைநிறுத்தம் தொடங்கினால் நிர்வாகம் காப்பீட்டை நிறுத்தலாம். 2019-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டாவது நாளிலேயே நிறுத்தியது, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் திரும்பக் கொடுத்தது. 2024-ல் போயிங் தொழிலாளர்கள் 33,000 பேர் செப்டம்பர் 13-ல் வெளியேறினார்கள், அந்த மாதக் கடைசியோடு காப்பீடு நின்றது. தானே பணம் கட்டித் தொடரலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. நிர்வாகத்தின் பங்கையும் சேர்த்து மொத்தத் தொகையில் 102 சதவீதம் வரை கட்ட வேண்டும். வேலை வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி 2024-ல் ஆண்டுக்கு 25,572 டாலர், அதாவது மாதம் 2,100-க்கு மேல். போயிங் தொழிலாளிக்குச் சங்கம் கொடுத்த உதவித்தொகை மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் 250 டாலர். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் குழந்தை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் போய்த் துணிச்சலைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வராது.

வேலைநிறுத்தம் செய்தால் உணவு மானியமும் கூடாது என்று 1981-ல் சட்டம் வந்தது. வேலையில்லாதோர் உதவி மிகச் சில மாநிலங்களில்தான் கிடைக்கும். நியூயார்க்கும் நியூஜெர்சியும் முன்பே கொடுத்தன, வாஷிங்டனும் ஓரிகனும் 2025-ல் சட்டம் இயற்றின.

ஆகவே எல்லாச் சுமையும் சங்கத்தின் நிதி மேல் விழுகிறது. 2023-ல் வாகனத் தொழிலாளர் சங்கத்திடம் இருந்தது சுமார் 82.5 கோடி டாலர். மூன்று பெரிய கார் கம்பெனிகளில் உறுப்பினர்கள் சுமார் 1,46,000 பேர், உதவித்தொகை வாரம் 500 டாலர். எல்லோரும் வெளியேறினால் வாரத்துக்கு 7.3 கோடி. காப்பீட்டுச் செலவைச் சேர்க்காமலே 11 வாரத்தில் பெட்டி காலி. அதனால்தான் செப்டம்பர் 15-ல் மூன்று ஆலைகளில் சுமார் 13,000 பேரை மட்டும் வெளியே அழைத்தார்கள். எந்த ஆலை அடுத்தது என்று கம்பெனிக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாகக் கூட்டினார்கள். நல்ல உயர்வோடு முடிந்தது. கஜானாவை எண்ணிப் பார்த்து வகுத்த போராட்டம் அது, அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டத்தை மீறி வென்றதும் உண்டு. 2018-ல் மேற்கு வர்ஜீனியா ஆசிரியர்கள் 9 பள்ளி நாட்கள் நின்று 5 சதவீத உயர்வு வாங்கினார்கள். அங்கே ஆசிரியர் வேலைநிறுத்தத்துக்குச் சட்ட அனுமதி இல்லை. ஆனால் 55 மாவட்டங்களிலும் கல்வி அதிகாரிகளே பள்ளிகளை மூடிவிட்டதால் தனி ஒருவரைத் தண்டிக்க வழியில்லாமல் போனது. பள்ளி உணவை நம்பியிருந்த குழந்தைகளுக்கு ஆசிரியர்களே சாப்பாட்டுப் பை கட்டிக் கொடுத்தார்கள், அதனால் ஊர் அவர்கள் பக்கம் நின்றது. ஓட்டுநர், சமையல்காரர் வரை எல்லோரும் ஒன்றாக நிற்காவிட்டால் இது நடந்திருக்காது.

ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக மட்டும் விசா தகுதி போகாது என்று விதியே சொல்கிறது. வேலை போனால்தான் சிக்கல். அதிகபட்சம் 60 நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாற வேண்டும் அல்லது நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும்.

இனி நாங்கள் கேட்பது. 1990-களின் தொடக்கத்தில் புளோரிடாவிலிருந்து ஜப்பானுக்குப் போன பழங்களை, சங்கத்தில் இல்லாத ஆட்கள் ஏற்றினார்கள் என்பதால், இறக்க மாட்டோம் என்று ஜப்பானியத் துறைமுகச் சங்கங்கள் சொல்லின. அப்படிச் செய்யும்படி கேட்டதற்காக அமெரிக்கச் சங்கம் குற்றம் செய்ததாக வாரியம் தீர்ப்பளித்தது. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கேட்டதனாலேயே ஜப்பானியச் சங்கம் அமெரிக்கச் சங்கத்தின் முகவர் ஆகிவிடாது என்பது அதன் காரணம். அடுத்த துறை தோள் கொடுக்கக் கூடாது என்ற அந்தத் தடை கடலுக்கு அப்பால் இருக்கும் உங்களைக் கட்டாது என்பதே இதன் பொருள். சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களில் உறுப்பினர் உள்ள சங்கங்கள் இதைத் தங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேச வேண்டும். சென்னை அலுவலகங்களில் வேலை செய்யும் ஐடி ஊழியர் சங்கங்களும் பேச வேண்டும். அமெரிக்காவில் ஆட்கள் வெளியே நிற்கும் நாட்களில் அவர்களுடைய வேலை சென்னைக்குத் திருப்பிவிடப்படுகிறதா என்பதை முதலில் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

தடை உங்கள் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழிலகங்களுக்கும் 14 நாள் நோட்டீஸைக் கட்டாயமாக்குகிறது. பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம் என்கிறது.

வாகனத் தொழிலாளர் சங்கம் தன் ஒப்பந்தங்களை 2028 ஏப்ரல் 30-ல் முடியும்படி வைத்து, மற்றச் சங்கங்களும் அப்படியே வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறது. தேதிகளை ஒன்றாக்கினால் ஒரே நாளில் பல கதவுகள் திறக்கும், சட்டத்துக்கு உட்பட்டே. சிகாகோ ஆசிரியர் சங்கத்தின் ஒப்பந்தமும் 2028-ல்தான் முடிகிறது. அந்த ஆண்டு மே 1 திங்கட்கிழமை. வாகனத் தொழிலாளர் சங்கத்தின் 60 நாள் நோட்டீஸ் மார்ச் 1-க்குள் போக வேண்டும். உங்களுக்கு மே 1 விடுமுறை என்பதால் நீங்கள் தோள் கொடுக்கும் நாள் மே 2, அதற்கான நோட்டீஸ் ஏப்ரல் 15-க்குள் நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும். எந்தத் துறைமுகம், எந்தச் சரக்கு, எந்த அலுவலகம் என்ற பட்டியலை 2027 முடியுமுன் எழுதி அனுப்புங்கள்.

தோழமையுடன்,
அமெரிக்காவில் சங்கப் பணியிலும் தொழிலாளர் சட்டத்திலும் உள்ள தமிழர்கள்