5 வோல்ட் என்று அச்சடித்து விற்ற லேசர் கிட் தொடர்பாகப் புகார்

அனுப்புநர்:
இயற்பியல் ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
கோவில்பட்டி வட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: லேசர் டயோடு, டிரைவர் போர்டு கிட் மங்கலாக எரிவது, பணத்தைத் திரும்பக் கேட்பது.

ஐயா,

வணக்கம். வாட்ஸ்ஆப்பில் கேட்டால் போன் பண்ணச் சொல்கிறார்கள். போன் பண்ணினால் மதுரைக் கிளைக்குப் போகச் சொல்கிறார்கள். மதுரைக்குப் போனால் வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்பச் சொல்கிறார்கள். மின்னஞ்சலுக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் வருகிறது: முதலில் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது", அப்புறம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது". யார் தீர்த்தது, எதைத் தீர்த்தது? அதனால்தான் இந்தத் தடவை காகிதத்தில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

நான் வாங்கியது எந்தக் கிட் என்று உங்களுக்கே தெரியும். 650 நானோமீட்டர் சிவப்பு டயோடு, 5 மில்லிவாட், டயோடுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எல்எம் 317 ஐசி போட்ட டிரைவர் போர்டு. விலை 780 ரூபாய், கூரியர் தனி. பெட்டியிலும் போர்டிலும் "உள்ளீடு 5 வோல்ட்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து சால்டர் செய்தார்கள். லேசர் ஒளியில் பேச்சை அனுப்பி, எதிர்ப்பக்கம் சின்ன சோலார் பேனலில் வாங்கி ஸ்பீக்கரில் கேட்க வைப்பது அவர்களுடைய திட்டம். போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்தோம். ஊதுவத்தி நுனி மாதிரி ஒரு சிவப்பு. சுவரில் வைத்துப் பார்த்தால் லேசருக்கே உரிய அந்தப் பொடிப்பொடி மினுமினுப்பு துளியும் இல்லை. மேஜையைத் தாண்டவில்லை ஒளி.

நான் சும்மா "எரியவில்லை" என்று புகார் சொல்கிற ஆள் இல்லை. மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். மின்னோட்டத்தின் அளவை நிர்ணயிக்கும் உங்கள் 33 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே 1.25 வோல்ட் இருக்க வேண்டும். இருந்தால் 38 மில்லி ஆம்பியர் ஓடும். இருந்தது 0.55 வோல்ட், அதாவது 17 மில்லி ஆம்பியர்கூட இல்லை. உங்கள் தாளிலேயே இந்த டயோடு லேசராக மாறும் வரம்பு 25 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் அது வெறும் எல்இடிதானே?

காரணமும் பெரிய ரகசியம் இல்லை. லேசர் டயோடுக்கு 2.2 வோல்ட் போகும். ரெசிஸ்டருக்கு 1.25. தலைகீழாக இணைத்தால் காப்பாற்ற என்று வரிசையில் ஒரு டயோடு போட்டிருக்கிறீர்களே, அதற்கு 0.7. எல்லாம் போக 5 வோல்ட்டில் மிஞ்சுவது 0.85. எல்எம் 317 ஒழுங்காக வேலை செய்ய அதன் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையில் ஏறக்குறைய 2 வோல்ட்டாவது வேண்டும். போர்டைச் செய்து விற்கும் உங்களுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. தெரிந்தேதான் 5 வோல்ட் என்று அச்சடித்தீர்கள்.

மதுரைக் கிளை கவுண்டரில் இருந்தவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை. "வாங்க சார், இன்ஜினியர் இருப்பார்" என்று போனில் சொன்னதை நம்பி லீவு போட்டு, மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வியர்த்து விறுவிறுத்துப் போய் நின்றேன். இன்ஜினியர் இல்லை. செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) தாக்காமல் இருக்க நான் கறுப்பு ஃபோமில் பத்திரமாகக் குத்தி எடுத்துப் போயிருந்த டயோடைக் கவுண்டரில் இருந்தவர் வெறுங்கையால் பிடுங்கினார், மூன்று காலையும் விரலால் நிமிர்த்தினார், பக்கத்தில் கிடந்த தெர்மக்கோல் துண்டில் குத்தி வைத்தார். வைத்துவிட்டு, "ஸ்டாட்டிக்ல போயிருக்கு சார், உங்க பசங்க கையால தொட்டிருப்பாங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெர்மக்கோலைவிட ஸ்டாட்டிக்கைச் சேர்த்து வைக்கும் பொருள் ஒன்று அந்தக் கடையில் இருக்குமா? அதைச் சொன்னதற்கு, "வாத்தியார்னா எல்லாம் தெரிஞ்சிடுமா?" என்று பின்னால் இருந்தவரிடம் கேட்டுச் சிரித்தார். பில்லைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

மதுரைக்குப் போகும் முன்பே டயோடு எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் உதவி எண்ணில் பேசியவரிடம் நான் அளந்த கணக்கு முழுவதையும் சொன்னேன். "9 வோல்ட் அடாப்டர் போடுங்க, அந்த 33 ஓமை எடுத்துட்டு 10 ஓம் போடுங்க" என்றார். அப்படிச் செய்தால் 125 மில்லி ஆம்பியர் ஆகிவிடுமே என்று கேட்டேன். "போர்டுல லிமிட் இருக்கு சார். நாங்கதான் இதைப் பண்றோம். நீங்க பாடம் எடுங்க, சர்க்யூட்டை எங்ககிட்ட விடுங்க" என்றார். சரி, செய்தவர்களே சொல்கிறார்களே என்று அப்படியே போட்டோம். கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு நொடி எரிந்தது, அவ்வளவுதான். டயோடின் முகப்பு கருகிவிட்டது, இனி எவ்வளவு கொடுத்தாலும் மங்கல்தான். 33 ஓமை மாற்றாமல் 9 வோல்ட் மட்டும் போடச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் அது எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் உரையாடலைப் பதிவு செய்வதாகத் தொடக்கத்திலேயே ஒரு குரல் சொல்கிறதே, தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

இப்போது "டயோடுக்கு வாரண்டி கிடையாது" என்கிறீர்கள். நான் கேட்பது போர்டைப் பற்றி ஐயா.

கண்காட்சி முடிந்துவிட்டது. பக்கத்து மேஜையில் சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைத்த எரிமலைக்குப் பரிசு. எங்கள் பிள்ளைகள் எரியாத லேசருக்குப் பக்கத்தில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதன்மைக் கல்வி அலுவலர் "இது என்ன?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். அந்தப் பிள்ளைகள் இனி எலக்ட்ரானிக்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஒரு தலைமுறையின் அறிவியல் ஆர்வத்தையே 780 ரூபாய்க் கிட்டில் கருக்கிவிட்டீர்கள். எங்கள் பள்ளியின் பெயர் போனதை எந்தத் தொகையாலும் ஈடுகட்ட முடியாது. இருந்தாலும் 10,000 ரூபாய் நஷ்டஈடு கேட்கிறேன். கிட்டின் விலை, கூரியர், போக்குவரத்து எல்லாம் இதில் சேராது, அவற்றைத் தனியாகத் தர வேண்டும்.

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. உங்களிடம் வாங்கிய மல்டிமீட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதை வைத்துத்தான் உங்களையே பிடித்தேன். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வந்தால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம்கூட கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சரியாகப் பயன்படுத்தும் முறையைப் போதிய அளவு சொல்லாமல் பொருளை விற்றாலும் தயாரிப்பாளர் பொறுப்பு என்று இருக்கிறது. "5 வோல்ட்" என்று அச்சடித்த உங்கள் போர்டையே அங்கே மேஜையில் வைப்பேன்.

அதற்கு முன் கையிருப்பில் உள்ள மற்றக் கிட்களில் அந்த அச்சை மாற்றிவிடுங்கள். வேறு எந்தப் பள்ளியும் வாங்கிவிடக் கூடாது.

பில் நகல், ரெசிஸ்டரில் அளந்த அளவின் போட்டோ, கருகிய டயோடின் போட்டோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அசல் டயோடும் போர்டும் என்னிடம் இருக்கும், அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமானால் உங்கள் இன்ஜினியர் கோவில்பட்டிக்கு வரட்டும், செவ்வாய்க்கிழமையானாலும் சரி. பணத்தைப் பில்லில் உள்ள கணக்குக்கே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்